தேடப்படாத ஆண்டுகள்

2001 ஆம் ஆண்டு மே மாதம் 4 ஆம் திகதி, அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடமொன்றில், 24 வயதுடைய பெண்ணொருவர் ஹெக்ஸாமெதோனியம் என்ற இரசாயனப் பொருளைச் சுவாசத்தின் மூலம் உள்ளெடுத்தார். அவர் நோயாளி அல்லர். அந்த நிறுவனத்தின் ஆஸ்துமா ஆய்வு நிலையத்திலேயே தொழில்நுட்ப உதவியாளராகப் பணிபுரிந்த, நல்ல தேகாரோக்கியம் கொண்ட தொண்டர். ஆரோக்கியமான மனிதரின் சுவாசக் குழாய்கள் எவ்வாறு சுருங்காமல் விரிந்திருக்கின்றன என்பதை அறிவதே ஆய்வின் நோக்கம். மறுநாள் அவருக்கு இருமல் தொடங்கியது. சில நாட்களில் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். நுரையீரல்கள் செயலிழந்த நிலையில் ஜூன் 2 ஆம் திகதி உயிரிழந்தார்.

அந்த மரணத்தைத் தொடர்ந்து எழுந்த விசாரணைகளில் பல குறைபாடுகள் வெளிவந்தன. அவருக்கு முன்னர் அதே பொருளைச் சுவாசித்த ஒருவருக்கு ஏற்பட்ட இருமல் உரிய முறையில் அறிவிக்கப்படவில்லை. தொண்டர்கள் ஒப்பமிட்ட பத்திரத்தில் போதிய விளக்கம் இருக்கவில்லை. அத்துடன் இன்னொரு குறைபாடும் சுட்டிக்காட்டப்பட்டது. எனது கவனத்தை ஈர்த்தது அதுவே. அப்பொருள் 1950 களில் உயர் குருதியமுக்கத்திற்கான மருந்தாகப் பயன்பட்டது. அதனை உட்கொண்ட நோயாளிகள் சிலரின் நுரையீரல்கள் பாதிக்கப்பட்டமை குறித்து அக்காலத்து மருத்துவச் சஞ்சிகைகளில் கட்டுரைகள் வெளிவந்திருந்தன. ஆய்வாளர் பாடநூல்களையும், 'பப்மெட்' என்ற இணைய மருத்துவத் தரவுத்தளத்தையும் பார்த்திருந்தார். ஆனால் பப்மெட்டில் அப்போது தேடக்கூடியதாக இருந்தவை பெரும்பாலும் 1966 ஆம் ஆண்டிற்குப் பிற்பட்ட கட்டுரைகளே. அதற்கு முந்தியவை நூலகங்களின் தட்டுகளில், தடித்த அச்சுச் சுட்டிகளுக்குள் இருந்தன. மரணத்தின் பின்னர் மருத்துவ நூலகர்கள் அவற்றைத் தேடி எடுத்துக் காட்டினார்கள். அதே ஆண்டு ஜூலை 19 ஆம் திகதி, அமெரிக்கச் சமஷ்டி அரசாங்கத்தின் நிதியில் அப்பல்கலைக்கழகத்தில் மனிதர்களிடையே நடத்தப்பட்ட ஆய்வுகளில் அநேகமாக அனைத்தும் இடைநிறுத்தப்பட்டன. சில நாட்களில் நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதிக்கப்பட்டன.

கணினித் திரையில் ஒன்று அகப்படாவிட்டால் அது உலகிலேயே இல்லை என்று கருதும் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. பத்திரிகைக்காரர்களுக்குச் சற்று அதிகமாகவே உண்டு. அந்த 1966 என்ற எல்லைக் கோட்டை யார் இழுத்தார்கள், ஏன் இழுத்தார்கள் என்று அறியப் புகுந்தபோது நான் சென்று நின்ற இடம் அமெரிக்க உள்நாட்டு யுத்த காலம்.

ஜோன் ஷோ பில்லிங்ஸ் என்ற மருத்துவ மாணவர் 1860 ஆம் ஆண்டளவில் கால்கை வலிப்புக்கான சத்திர சிகிச்சை பற்றித் தமது பட்டத்திற்கான கட்டுரையை எழுத முனைந்தார். அச்சிகிச்சை எத்தனை பேருக்குச் செய்யப்பட்டது, எத்தனை பேர் பிழைத்தனர் என்ற விபரங்கள் அவருக்குத் தேவைப்பட்டன. ஆறு மாத காலம் நூலகம் நூலகமாக ஏறி இறங்கியும், கடிதங்கள் எழுதியும் பார்த்த பின்னர், தாம் தேடும் நூல்கள் முழு அமெரிக்காவிலுமே இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். யுத்தத்தில் இராணுவச் சத்திர சிகிச்சை வைத்தியராகப் பணியாற்றிய அவரிடம், 1865 இல் இராணுவ மருத்துவத் தலைமையகத்தின் சிறிய நூலகம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அங்கிருந்தவை இரண்டாயிரத்துச் சொச்சம் நூல்களே. அடுத்த சில ஆண்டுகளில் அந்த நூலகத்திற்கு இடமளித்த கட்டடம் வாஷிங்டனின் ஃபோர்ட் அரங்கு. ஆம், ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட அதே நாடக அரங்குதான்.

பில்லிங்ஸ் நூல்களைச் சேர்த்ததோடு நின்றுவிடவில்லை. சஞ்சிகைகளுக்குள் புதைந்து கிடந்த கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பொருள் வாரியாக அட்டவணைப்படுத்தினார். ரொபேர்ட் பிளெச்சர் என்ற சக வைத்தியருடன் சேர்ந்து 1879 இல் 'இன்டெக்ஸ் மெடிகஸ்' என்ற மாதாந்தச் சுட்டியை ஆரம்பித்தார். மறு ஆண்டு நூலகப் பெரும் பட்டியலின் முதலாவது தொகுதி வெளிவந்தது. உலகில் எங்கேனும் ஒரு வைத்தியர் எழுதிய கட்டுரையை வேறெங்கோ இருக்கும் வைத்தியர் கண்டுபிடிப்பதற்கான முறையான வழி அவ்வாறுதான் திறந்தது.

இவரைப் பற்றி இன்னொரு செய்தியையும் சொல்லாமல் விட மனமில்லை. அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டின் பிறப்பு, இறப்புப் புள்ளிவிபரங்களுக்கும் பில்லிங்ஸே பொறுப்பாக இருந்தார். எழுதுவினைஞர்கள் கையால் எண்ணி அல்லற்படுவதைக் கண்டு, இதற்கொரு இயந்திரம் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை ஹேர்மன் ஹொலரித் என்ற இளம் பொறியியலாளரிடம் விதைத்தவர் அவரே. ஹொலரித் உருவாக்கிய துளை அட்டை இயந்திரங்கள் 1890 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் பயன்பட்டன. அவரது கம்பனி பின்னாளில் ஐபிஎம் என்ற பெரு நிறுவனத்தின் வேர்களில் ஒன்றாயிற்று. நூல் தேடுவதில் சலிப்புற்ற ஒரு மாணவரிடமிருந்து மருத்துவச் சுட்டியும், துளை அட்டைக்கான பொறியும் புறப்பட்டிருக்கின்றன.

இவ்விரண்டும் மீண்டும் சந்தித்துக்கொள்ள எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. பில்லிங்ஸின் நூலகம் 1956 இல் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகமாகியது. கட்டுரைகள் பெருகிய வேகத்திற்கு அச்சுக் கோப்பவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆகவே 'மெட்லார்ஸ்' என்ற கணினி முறைமை 1964 இல் இயங்கத் தொடங்கியது. சுட்டியை அச்சிடுவதே அதன் முதல் வேலை. வைத்தியர் ஒருவர் கேள்வியொன்றை அனுப்பினால் விடை தபாலில் வந்து சேர வாரக்கணக்காகும். 1971 இல் தொலைபேசிக் கம்பி வழியாக நேரடியாகத் தேடும் 'மெட்லைன்' வந்தது. அக்கணினிக் கோப்பு 1966 ஆம் ஆண்டின் கட்டுரைகளிலிருந்து தொடங்கியது. அந்த எல்லைக் கோடு விஞ்ஞானம் இட்டதன்று; ஓர் இயந்திரத்தின் வயது அது. ஆனால் திரையின் முன் அமர்ந்திருப்பவருக்கு அது கோடாகத் தெரிவதில்லை, உலகத்தின் ஓரமாகவே தெரிகிறது.

மெட்லைனைப் பயன்படுத்தப் பயிற்சி வேண்டும், பணமும் வேண்டும். ஆய்வாளர் தமது தேவையை நூலகரிடம் சொல்வார். நூலகர் அதனை இயந்திரத்திற்குப் புரியும் மொழியில் எழுதித் தேடுவார். 1997 ஜூன் 26 ஆம் திகதி அமெரிக்க உப ஜனாதிபதி அல் கோர் பப்மெட்டை இலவசமாக உலகத்திற்குத் திறந்துவைத்தார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் மருத்துவ மாணவருக்கும் பொஸ்டனில் இருக்கும் பேராசிரியருக்கும், குறைந்தபட்சம் தேடுவதிலாவது, ஒரே வாசல் கிடைத்தது. மின்சாரமும் தொலைபேசி இணைப்பும் இருந்தால் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் வாசல் திறந்தபோது, வாசலில் நின்ற நூலகர் விலகிப் போனார். அவர் அறிந்திருந்த கலையை நாங்கள் கற்றுக்கொள்ளவில்லை.

அந்தக் கலையின் மூல புருஷர் நூலகர் அல்லர், கணித மேதை. இங்கிலாந்தின் லிங்கன் நகரில் செருப்புத் தைப்பவரின் மகனாக 1815 இல் பிறந்த ஜோர்ஜ் பூல், பல்கலைக்கழகப் படிகளை மாணவனாக மிதிக்காமலேயே அயர்லாந்தின் கோர்க் நகரில் கணிதப் பேராசிரியரானவர். சிந்தனையின் விதிகளைக் கணிதமாக்கி 1854 இல் அவர் நூலொன்றை வெளியிட்டார். அவரது மனைவி மேரி, இந்தியாவை அளந்த எவரெஸ்ட்டின் சகோதரர் மகள் என்பது பலர் அறியாத செய்தி. இது வேண்டும் 'அத்துடன்' அதுவும் வேண்டும். இது 'அல்லது' அது. இது வேண்டும் ஆனால் அது 'வேண்டாம்' என்ற மூன்று இணைப்புகள்தாம் இன்றும் எல்லா உயர்நிலைத் தேடல்களின் அத்திவாரம். ஆங்கிலத்தில் 'அன்ட்', 'ஓர்', 'நொட்'. பப்மெட்டில் அவற்றைப் பெரிய எழுத்துக்களில் இட வேண்டும்.

மூன்றாவது இணைப்பைப் பற்றி எனக்கு எப்போதும் ஓர் அச்சம் உண்டு. 'குழந்தைகள் வேண்டாம்' என்று கட்டளையிட்டால், பெரியவர்களையும் குழந்தைகளையும் சேர்த்து ஆராய்ந்த கட்டுரையும் வெளியே போய்விடும். போனது எதுவெனத் தேடுபவருக்குத் தெரியவே தெரியாது.

சொற்களின் சிக்கல் இதைவிடப் பெரிது. எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் முன்னர் பழுப்பு நிற உறைகளில் செய்தி நறுக்குகள் பேணப்பட்டன. டெங்கு பற்றிய செய்திகளை ஒருவர் 'காய்ச்சல்' என்ற உறையில் இடுவார்; அவர் விடுமுறையில் செல்லும் நாட்களில் மற்றவர் 'நுளம்பு' என்ற உறையில் இடுவார்; மூன்றாமவருக்கு அது 'மாநகர சபை'. அவசரத்திற்கு ஒன்றும் அகப்படாது. அமெரிக்க மருத்துவ நூலகம் இதற்குக் கண்ட தீர்வு 'மெஷ்' என்ற கட்டுப்படுத்தப்பட்ட சொற்றொகுதி. 1960 இல் வெளியான அத்தொகுதியின்படி, கட்டுரையாளர் எச்சொல்லைக் கையாண்டிருந்தாலும், அட்டவணைப்படுத்துபவர் கட்டுரையைப் படித்து ஒரே தலைப்பின் கீழ் இடுவார். மாரடைப்பு என்று எழுதினாலும் இதயத்தசை இறப்பு என்று எழுதினாலும் சென்று சேரும் உறை ஒன்றே. மனிதர்கள் செய்து வந்த இவ்வேலையை 2022 முதல் பெரும்பாலும் கணினி நிரலே செய்கிறது. புத்தம் புதிய கட்டுரைகளுக்கு இத்தலைப்புகள் இடப்படத் தாமதமாகலாம் என்பதால், மெஷ் தலைப்பை மாத்திரம் நம்புபவர் கடைசிச் செய்தியைத் தவறவிடுவார். தலைப்பையும் சாதாரணச் சொற்களையும் 'அல்லது' கொண்டு இணைப்பதே பாதுகாப்பானது.

பொருளைப் பகுத்து அடுக்கும் இக்கலையில் எங்களவர் ஒருவரும் உலகப் புகழ் பெற்றவர். சீர்காழியில் 1892 இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், கணித விரிவுரையாளராக இருந்து 1924 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். பயிற்சிக்காக இலண்டன் சென்றிருந்தபோது, கடையொன்றில் சிறுவர்களுக்கான 'மெக்கானோ' விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில துண்டுகளைக் கொண்டு விதவிதமான உருவங்களைப் பூட்டலாம். நூலின் பொருளையும் அவ்வாறே துண்டுகளாக்கிப் பூட்டலாமே என்ற எண்ணமே 1933 இல் வெளியான அவரது கோலன் பகுப்பு முறைக்கு வித்தாயிற்று. இன்று தேடல் முடிவுகளின் பக்கத்தில் ஆண்டு, ஆய்வு வகை, வயது, மொழி என்று தனித்தனியே தெரிவுசெய்து சுருக்கிக்கொண்டு போகிறோமல்லவா, அந்த முகப்பு வாரியான பகுப்பின் முன்னோடிகளில் அவர் முதன்மையானவர்.

சொற்களை நம்பாமலே தேடும் வழியொன்றையும் ஒருவர் கண்டார். பிலடெல்பியாவைச் சேர்ந்த யூஜின் கார்பீல்ட், அமெரிக்கச் சட்டத்தரணிகள் பழைய தீர்ப்பொன்றைப் பிற்காலத் தீர்ப்புகளில் எவை மேற்கோள் காட்டின என்று பார்க்கும் சுட்டியைப் பற்றி அறிந்து, அதையே விஞ்ஞானத்திற்கும் செய்யலாம் என 1955 இல் எழுதினார். 1960 களின் முற்பகுதியில் அவரது 'சயன்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ்' வெளிவந்தது. சாதாரண அடிக்குறிப்பு எம்மைப் பின்னோக்கி அழைத்துச் செல்லும். கார்பீல்டின் சுட்டியோ முன்னோக்கி அழைத்துச் செல்லும். பட்டாணிச் செடிகளைக் கொண்டு பாரம்பரியத்தின் விதிகளைக் கண்ட கிரகோர் மெண்டலின் கட்டுரை 1866 இல் அச்சாகி, 1900 வரை அநேகமாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தது. தமது சுட்டி அக்காலத்தில் இருந்திருந்தால் அவ்வாறு நடந்திருக்குமா என்று கார்பீல்ட் ஒரு கட்டுரையே எழுதினார். தன் பண்டத்தைத் தானே மெச்சும் வியாபாரியின் கேள்விதான். இருந்தாலும் நல்ல கேள்வி. கூகிள் நிறுவனத்தின் ஸ்தாபகர்கள் இணையப் பக்கங்களைத் தரப்படுத்த வகுத்த முறையும் மேற்கோள் ஆய்வின் வழிவந்ததே. 2004 நவம்பரில் வந்த 'கூகிள் ஸ்கொலர்' இல் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே, அதனை மேற்கோள் காட்டியவை எத்தனை என்ற இணைப்பு உண்டு. அதைச் சொடுக்கிப் பார்க்காமல் பழைய ஆய்வொன்றைச் செய்தியாக்குவது, வழக்கின் மேன்முறையீட்டைப் பாராமல் முதல் தீர்ப்பை அச்சிடுவதைப் போன்றது.

தேடலின் வரலாற்றில் என்னை மிகவும் வியக்க வைத்தவர் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் டொன் ஸ்வான்சன். அவர் வைத்தியர் அல்லர். மீன் எண்ணெய் குருதியின் பிசுக்குமையைக் குறைக்கிறது என்ற கட்டுரைகள் ஒருபுறம் இருந்தன. குளிரில் விரல்கள் வெளிறி மரத்துப்போகும் ரேனோ நோயுடையவர்களின் குருதி பிசுக்குமை கூடியது என்ற கட்டுரைகள் மறுபுறம் இருந்தன. ஒரு தொகுதியினர் மறு தொகுதியினரை மேற்கோள் காட்டவே இல்லை. இரண்டையும் படித்த ஸ்வான்சன், மீன் எண்ணெய் இந்நோய்க்கு உதவலாம் என்ற கருதுகோளை 1986 இல் வெளியிட்டார். 1989 இல் வெளியான சிகிச்சை ஆய்வொன்று, அந்நோயின் ஒரு வகையினருக்கு அது பயனளிப்பதைக் காட்டியது. ஆய்வுகூடமே இல்லாமல், ஏற்கனவே அச்சாகிக் கிடந்த கட்டுரைகளிலிருந்து பிறந்த கண்டுபிடிப்பு அது.

எனது கதைக்கு வருகிறேன். கலைப்பீடப் பட்டதாரியான எனக்கு விஞ்ஞானத்துடனான உறவு உயர்தர வகுப்புக்கு முன்பே முறிந்துவிட்டது. 2017 ஆம் ஆண்டு இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்திற்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவான அந்தப் பயங்கரமான ஆண்டில், பப்பாசி இலைச் சாறு டெங்குவைக் குணமாக்குகிறது என்ற துணுக்கொன்று நான் கடமையில் இருந்த இரவில் பக்கத்தில் ஏறியது. இடம் நிரப்ப வேண்டியிருந்தது. விட்டது நான்தான்.

மறுநாள் காலை ஒரு மூதாட்டி தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, உங்கட பேப்பரில போட்டிருந்தியள். பேரப்பிள்ளையை ஆஸ்பத்திரியில வைக்கச் சொல்லுறாங்கள். சாறு குடுத்தாக் காணும்தானே?"

எனது கை குளிர்ந்துவிட்டது. "அம்மா, முதல்ல பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. சாறைப் பிறகு யோசிப்பம்" என்று இரண்டு, மூன்று தடவைகள் சொன்னேன்.

அன்றிரவுதான் உட்கார்ந்து தேடினேன். வழமையான தேடுபொறியில் கிடைத்தவை காணொளிகளும் அற்புதக் கதைகளும். பப்மெட்டில் 'பப்பாயா' என்ற சொல்லை மட்டும் இட்டபோது மரக்கறிச் சாகுபடியும் புழுக்களும் சேர்ந்து வந்தன. அது சார்ந்த பேரினத்தின் விஞ்ஞானப் பெயரான 'கரிக்கா' மெஷ் தொகுதியில் தலைப்பாக இருந்தது. 'கரிக்கா அல்லது பப்பாயா அல்லது போபோ' என்று அடைப்புக்குள் இட்டு, 'அத்துடன் டெங்கு' என்று இணைத்தேன். போபோ என்பது அமெரிக்காவில் முற்றிலும் வேறொரு பழத்தின் பெயர் என்பது பிறகு தெரிந்தது. டெங்கு என்ற சொல் அந்தப் பழத்தை வடிகட்டி விட்டது. சிகிச்சை ஆய்வுகள் என்று வரையறுத்ததும் ஒரு கைப்பிடியளவு கட்டுரைகளே எஞ்சின. 2013 இல் மலேசியாவிலிருந்து வெளியான ஆய்வில் 228 நோயாளர்கள் பங்குபற்றியிருந்தனர். சாறு அருந்தியவர்களின் குருதிச் சிறுதட்டுக்கள் விரைவாகக் கூடியதாக அது சொன்னது. ஆனால் டெங்குவில் சிறுதட்டுக்கள் வீழ்ந்து பின்னர் தாமாகவே ஏறுபவை. உயிரைக் குடிப்பது பெரும்பாலும் குருதித் திரவம் நாளங்களுக்கு வெளியே கசிவதுதான். சாறு மரணத்தைக் குறைத்ததா என்ற கேள்விக்கு நான் படித்தவற்றில் விடை இருக்கவில்லை. 'குணமாக்குகிறது' என்று நாங்கள் போட்ட சொல்லுக்கு எந்த ஆதாரமும் இல்லை.

அடுத்த நாள் திருத்தம் வெளியிட்டோம். துணுக்கு வந்த இடத்தைவிடச் சிறிய இடத்தில். பேரப்பிள்ளை ஒரு வாரத்தில் வீடு திரும்பியதாக அந்த அம்மா பின்னர் அழைத்துச் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார்.

அன்று முதல் விஞ்ஞானச் செய்தி எதையும் நான் இவ்வாறுதான் பார்க்கிறேன். பப்மெட்டின் உயர்நிலைத் தேடல் பக்கத்தில், நாம் இட்ட சொற்களை இயந்திரம் எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதைக் காட்டும் விபரம் உண்டு. முடிவுகளைப் படிக்கும் முன் அதைப் படிப்பேன். கட்டுரை மீளப்பெறப்பட்டுள்ளதா என்று பார்ப்பேன். 2020 மே 22 இல் 'லான்செட்' சஞ்சிகையில் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் பற்றி வெளியான கட்டுரை உலகத் தலைப்புச் செய்தியாகி, ஜூன் 4 இல் மீளப்பெறப்பட்டது. முதற்செய்தியை வெளியிட்ட எல்லாப் பத்திரிகைகளும் இரண்டாவதை வெளியிட்டனவா என்பது வேறு கதை. இப்போது கேட்டதற்கெல்லாம் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள் வந்துள்ளன. அவை சில வேளைகளில் இல்லாத கட்டுரைக்கும் தலைப்பு, ஆண்டு, பக்க எண் சகிதம் மேற்கோள் தருகின்றன. பழுப்பு உறையில் நறுக்கு இல்லாவிட்டால் உறை வெறுமையாகவாவது இருக்கும்.

பப்மெட்டில் இன்று 3 கோடியே 50 இலட்சத்திற்கு மேற்பட்ட பதிவுகள் உள்ளன. பழைய அச்சுச் சுட்டிகளைத் தட்டச்சு செய்து, 1946 ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் சென்றிருக்கிறார்கள். பில்லிங்ஸ் தொடங்கிய பெரும் பட்டியலும் தனியான தரவுத்தளமாகத் தேடக் கிடைக்கிறது. இக்கட்டுரையை எழுதும் முன் ஹெக்ஸாமெதோனியத்தையும் நுரையீரலையும் 'அத்துடன்' என்ற ஒற்றை இணைப்பால் கோத்துத் தேடினேன். அம்மருந்தை உட்கொண்டவர்களின் நுரையீரல்களில் ஏற்பட்ட மாற்றங்கள் பற்றி 1954 இல் பிரித்தானிய இதயவியல் சஞ்சிகையொன்றில் வெளியான கட்டுரை திரைக்கு வந்தது.